நான் யார் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்

வருகிற அக்டோபரில், மழை ஓய்ந்தபின், ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்திற்குக் களப்பணிக்குச் செல்கிறேன் என்று சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தேன். வாழ்த்திய அனைவருக்கும் நன்றி. தனிச்செய்தியில் சிலர் வேறு விதமாகவும் கேட்டிருந்தார்கள். இரண்டாண்டு உழைப்பை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிய தலைப்புக்குப் போவது அறிவுடைமையா என்றார் ஒருவர். "கடவுளை நம்பிப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, ஆய்வாளர் அப்படி எழுதலாமா?" என்றாள் முதுகலையில் உடன் படித்த தோழி. இருவருக்கும் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்த நீண்ட பதிவு.

முதலில் பணியைப் பற்றி. கதபா என்ற ஒரே இனப்பெயருக்குள் இருவேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் வழங்குகின்றன. ஒன்று குதோப், அது முண்டா மொழி. மற்றொன்று ஒல்லாரி, அது நம் தமிழுக்கு உறவான நடுத்திராவிட மொழி. 'கதபா' என்று பதிவாகும் எண்ணிக்கையைக் கொண்டு எவர் எதைப் பேசுகிறார் என்று பிரித்தறிய இயலாது. ஒல்லாரியைப் பற்றி சுதிபூஷண் பட்டாச்சார்யா எழுதிய சிறுநூல் 1957இல் வெளிவந்தது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் அம்மொழிச் சொற்கள் ஆங்காங்கே இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் இன்று அம்மொழி எப்படிப் பேசப்படுகிறது, எந்த ஊரில் எந்தத் தலைமுறையோடு நின்றுபோகிறது என்பதை அறிய நேரில் சென்று தங்கிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படிக் கேட்கத் தொடங்கியிருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் உடல்நலக் குறைவால் பணியைத் தொடர இயலாமற்போனது. பல மணிநேர ஒலிப்பதிவுகள் எழுத்தாக்கம் பெறாமல் கிடக்கின்றன. "இதை நீ எடுத்துக்கொள்கிறாயா?" என்று என் நெறியாளர் கேட்டார். அதுவரை நான் செய்துவந்தது பிறர் சேகரித்துவைத்த தரவுகளைக் கணினியில் அளந்து ஒலியனியல் வாதங்களை அமைக்கும் வேலை. குளிரூட்டிய அறை, செவிப்பொறி, திருத்தப்பட்ட எழுத்தாக்கம் ஆகியவை என் உலகம். அதில் எனக்கு ஓரளவு தேர்ச்சி உண்டு. களமோ நான் பாடமாக மட்டுமே படித்தது.

மார்ச் மாதத்தில் பத்து நாள் அங்கே சென்று வந்தேன். அந்த ஊரில் சிறுவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது வட்டார ஒடியாவான தேசியாவில். ஒல்லாரியைத் தயக்கமின்றிப் பேசுவோர் பெரும்பாலும் பாட்டன் பாட்டி வயதினர். ஒரு மூதாட்டி திண்ணையில் அமர்த்தி, மண்டியா கூழ் ஊற்றித் தந்து, சொல் சொல்லாகக் கற்றுக்கொடுத்தார். 'நான்' என்பதற்கு 'ஆன்' என்றார். சங்க இலக்கியத்தின் 'யான்' ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், எழுத்தில் பதியாத ஒரு நாவில் உயிரோடு இருப்பதைக் கேட்டபோது என் உடல் சிலிர்த்தது. நான் திருப்பிச் சொன்ன விதம் அவருக்குச் சிரிப்பை மூட்டியது. புறப்படும் நாளில், உடனிருந்த இளம் ஆசிரியர் வழியாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இவள் திரும்பி வருவாளா?"

என் அச்சத்தையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். தனிமை, காய்ச்சல், அறியாத ஊர் ஆகியவை அதில் ஒரு பங்கு; பெரும்பங்கு வேறு. தமிழைப் பற்றி நான் பிழையாக எழுதினால் மறுநாளே நூறு பேர் திருத்துவார்கள். இங்கே நான் ஒரு வினைமுற்றைத் தவறாகப் பிரித்து எழுதினால், பத்தாண்டுகளுக்குப்பின் அதைத் திருத்தக்கூடியவர் எவரும் உயிரோடு இல்லாமற்போகலாம். என் செவியின் குறை ஒரு மக்களின் மொழியாகவே அச்சேறிவிடும். அந்தப் பொறுப்பை நினைத்துப் பல இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன. நெறியாளரிடம் ஒரு மாத அவகாசம் கேட்டேன்.

அந்த மாதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது களப்பணிக் கையேட்டை அல்ல. யாத்திராகமத்தின் 3, 4ஆம் அதிகாரங்களை. நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஓரேப் மலையில் எரிந்தும் வெந்துபோகாத முட்செடியையும், அதன் நடுவிலிருந்து மோசே அழைக்கப்பட்டதையும் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டவள். ஆனால் அச்சத்தோடு படிக்கும்போது அந்த உரையாடல் வேறாகத் தெரிந்தது. மொழியியல் படித்த கண்ணுக்கு இன்னும் சில தெரிந்தன.

மோசே ஐந்து முறை மறுக்கிறார். நான் யார் என்கிறார். உம் பெயர் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன் என்கிறார். அவர்கள் என்னை நம்பமாட்டார்கள் என்கிறார். எனக்குப் பேச்சு வராது என்கிறார். இறுதியில் வேறு யாரையாவது அனுப்பும் என்கிறார். முதல் மறுப்பின் எபிரேயச் சொல்லமைப்பில் 'அனோகி', அதாவது 'நான்' என்ற தன்மைப் பெயர் தனித்து நிற்கிறது. அதற்கு வரும் பதில் விந்தையானது. நீ அரண்மனையில் வளர்ந்தவன், நீ தகுதியுள்ளவன் என்று எந்தத் தேற்றரவும் கூறப்படவில்லை. கேள்வி மோசேயின் 'நான்' பற்றியது. பதிலோ கடவுளின் 'நான்' பற்றியது. 'எஹ்யே' என்ற வினை அங்கே வருகிறது. நான் இருப்பேன், உன்னோடு இருப்பேன் என்பது பொருள். இரண்டு வசனங்களுக்குப்பின் கடவுள் தம் பெயராக வெளிப்படுத்துவதும் அதே 'எஹ்யே' என்ற வினைதான். முதலில் வாக்குறுதியாக வந்த சொல்லே பின்னர் பெயராகிறது.

எபிரேயத்தில் இல்லாத ஒரு வசதி தமிழில் உண்டு. கேட்பவரையும் உட்கொள்ளும் 'நாம்', கேட்பவரை விலக்கும் 'நாங்கள்' என்று இரண்டு பன்மைகள் நம்மிடம் உள்ளன. 'நான் யார்' என்று கேட்டவனுக்கு 'நான் உன்னோடு' என்று விடை வந்தால், தமிழ் இலக்கணப்படி அதன் கூட்டுத்தொகை 'நாம்'. என் தகுதியைப் பற்றிய கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலும் அதுவே. தகுதி உண்டா இல்லையா என்ற வழக்கு தீர்க்கப்படவே இல்லை. தனியாகச் செல்கிறேன் என்ற எண்ணம் மட்டும் மறுக்கப்பட்டது.

நான்காம் மறுப்பு எனக்கு மிக நெருக்கமானது. தன் வாயும் நாவும் கனமானவை என்கிறார் மோசே. திக்குவாய் என்றே பொதுவாகப் பொருள் கொள்வார்கள். ஆனால் எசேக்கியேல் 3ஆம் அதிகாரத்தில் 'கனத்த நாவு' என்ற தொடர் அயல்மொழி பேசும் மக்களைக் குறிக்கிறது. 12ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ரஷ்பாம், இளமையில் எகிப்தைவிட்டு ஓடிய மோசே எண்பதாம் வயதில் எகிப்திய மொழியில் சரளம் இழந்திருந்தார் என்றே விளக்குகிறார். அப்படியானால் அது உடற்குறை பற்றிய முறையீடு அன்று; மொழி போதாமை பற்றிய முறையீடு. தேசியாவில் தண்ணீர் கேட்கக்கூடத் தடுமாறும் எனக்கு அந்த உரை எத்தனை ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அந்த நாவு பின்னர் குணமானதாக விவிலியம் எங்கும் கூறவில்லை. வாயை உண்டாக்கியவர் யார் என்ற எதிர்க்கேள்வியும், பேசும்போது உடனிருப்பேன் என்ற வாக்கும்தான் கிடைக்கின்றன. ஐந்தாம் மறுப்புக்குக் கடவுள் சினங்கொள்கிறார். ஆயினும் அந்தச் சினத்தின் நடுவிலேயே ஆரோனைக் காட்டுகிறார். அண்ணன் ஏற்கெனவே உன்னைச் சந்திக்கப் புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறான் என்கிறார். மறுப்பு முடியும் முன்பே துணை வழியில் நடந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் என் நினைவுக்கு வந்தவர் அந்த இளம் ஆசிரியர். பாட்டியிடம் ஒல்லாரி கேட்டு வளர்ந்து, ஒடியாவும் இந்தியும் படித்து, இந்த மொழியை யாராவது எழுதிவைக்கமாட்டார்களா என்று நான் வருவதற்கு முன்பே தம் கைப்பேசியில் கதைகளைப் பதிந்துவைத்திருந்தவர். நான் அவருக்கு உதவப் போகிறேன் என்பதே பொருத்தமான கூற்று.

அடையாளம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நாம் அடையாளத்தை முன்கூட்டியே கேட்கிறோம்: நிதி உறுதியாகட்டும், உடல்நலம் உறுதியாகட்டும், பிறகு செல்கிறேன் என்று. மோசேக்குத் தரப்பட்ட முதல் அடையாளம், மக்களை விடுவித்து அழைத்துவந்தபின் இதே மலையில் வழிபடுவீர்கள் என்பது. போய்த் திரும்பியபின்தான் அது அடையாளமாகும்.

இனி என் தோழியின் கேள்வி. ஆய்வுப்பணியை 'அழைப்பு' என்று சொல்வது புதிதன்று. மாக்ஸ் வேபர் 1917இல் மாணவர்முன் ஆற்றிய உரையின் தலைப்பில் அறிவியலைச் சுட்டப் பயன்படுத்திய 'பெரூஃப்' என்ற செருமானியச் சொல்லுக்குத் தொழில், அழைப்பு என்ற இரு பொருளும் உண்டு. அச்சொல்லின் சமயப் பின்புலத்தை லூத்தரின் விவிலிய மொழிபெயர்ப்பு வரை தேடிச் சென்றவரும் அவரே. அழைப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு அழைப்பவரை மட்டும் நீக்கிவிடுவது வேபர் காலத்துக்குப் பின் கல்விக்கழகங்களுக்குப் பழகிப்போயிற்று. என்னால் அப்படி நீக்க இயலவில்லை, அவ்வளவே. என் தரவும் முடிவுகளும் எவருடைய நம்பிக்கையையும் சாராமல் சோதிக்கப்படவேண்டியவை. அந்த மக்களிடம் என் சமயத்தைக் கொண்டுசெல்வதும் என் பணி அன்று. அவர்கள் சொல்வதைக் கேட்பது, அவர்கள் இசைவோடு பதிவது, பதிந்ததை அவர்களிடமே திருப்பித் தருவது ஆகியவையே என் பணி. அதைச் செய்யத் துணிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மட்டுமே கடவுளின் பெயரைச் சொல்கிறேன்.

நம்பிக்கை முன்னேற்பாட்டுக்கு மாற்றும் அன்று. உன் கையில் இருப்பது என்ன என்று மோசே கேட்கப்பட்டார். இருந்தது ஆடு மேய்க்கும் கோல். என் கையில் இருப்பவற்றை நானும் எண்ணிப்பார்த்தேன்: பன்னாட்டு ஒலியெழுத்து, நல்ல ஒலிப்பதிவுக் கருவி, லகர ளகர ழகரங்களை வேறுபடுத்திப் பழகிய தமிழ்ச் செவி. இவற்றோடு மூன்று மாதமாக ஒடியா எழுத்தும் பேச்சும் கற்றுவருகிறேன். மலேரியா உள்ள பகுதி என்பதால் மருத்துவரைக் கண்டு ஆலோசனை பெற்றிருக்கிறேன். பழைய பதிவுகளைத் தினமும் இரண்டு மணிநேரம் கேட்கிறேன்.

அம்மாவுக்கு இவையெல்லாம் ஆறுதல் தரவில்லை. "நீ போய்த்தான் ஆகணுமாம்மா? வேற ஆளே இல்லையா?" என்று தொலைபேசியில் கேட்டார். அது மோசேயின் ஐந்தாம் மறுப்பேதான் என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப அந்த ஆசிரியர் தம்பி நம்பரைக் குடு" என்றார். இப்போது எனக்குத் தெரியாமல் அவர்கள் இருவரும் அரைகுறை இந்தியில் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த நம்பிக்கை வெற்றிக்கு உறுதிமொழி அன்று என்பதையும் அறிவேன். மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு மலைமேல் இறந்தார். இளைஞன் என்று தயங்கிய எரேமியாவுக்கும் அஞ்சாதே என்ற வாக்குக் கிடைத்தது. ஆனாலும் அவர் சேறு நிறைந்த குழியில் இறக்கப்பட்டார். என் ஆய்வேடு குறித்த காலத்தில் முடியாமற்போகலாம். நான் திரும்பிச் செல்லும்போது அந்த மூதாட்டி இல்லாமலும் இருக்கலாம். உடனிருப்பேன் என்ற வாக்கில் இவை நிகழா என்ற உட்பொருள் இல்லை. இவை நிகழும்போதும் தனித்திருக்கமாட்டாய் என்பதே அதன் பொருள் என்று புரிந்துகொள்கிறேன். அச்சம் போய்விட்டதா என்றால், இல்லை. அச்சம் விலகிய பின்புதான் புறப்படவேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது.

பழைய யூத உரைகள் சுட்டும் ஒரு செய்தி மொழி மாணவர்களுக்குப் பிடிக்கும். ஓரேப்பில் மோசே தம்மைச் சொற்களின் மனிதன் அல்ல என்கிறார். அங்கே 'தெவாரீம்' என்ற சொல் வருகிறது. நாம் உபாகமம் என்றழைக்கும் நூலுக்கு எபிரேயத்தில் அதே 'தெவாரீம்' என்பதே பெயர்; சொற்கள் என்பது பொருள். ஏறக்குறைய முழுவதும் மோசே பேசிய சொற்களால் ஆன நூல் அது. நாற்பதாண்டு நடையில் அந்தக் கனத்த நாவுக்குச் சொற்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

நெறியாளருக்கு இசைவுக் கடிதம் கொடுத்துவிட்டேன். அக்டோபர் முதல் வாரம் பயணம். முதற்கட்டமாக ஐந்து மாதம். கோராபுட் பகுதியில் களப்பணி செய்தவர்கள் எவரேனும் இதைப் படித்தால், தேசியா கற்க உதவும் நூலோ ஒலிப்பதிவோ இருப்பின் தெரிவியுங்கள். இறைவேண்டல் செய்பவர்கள் அந்த மூதாட்டியின் நலனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.