வீட்டுக்காரரே மண்டோர்

சேறு காய்வதற்குள் கை வைத்துவிட வேண்டும். வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் முதன்முறை வரும் தொண்டர் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் முழ உயரச் சேறும் ரப்பர் துடைப்பத்துக்கு வழிவிடும். ஒரு நாள் வெயில் பட்டுவிட்டால் மண்வெட்டி, அப்புறம் சுரண்டி, அப்புறம் முதுகுவலி.

இதை நான் கிள்ளான் பள்ளத்தாக்கில் கற்கவில்லை. 2014 டிசம்பர் வெள்ளத்தில் நாடு முழுக்க இரண்டு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கிளந்தானுக்குத்தான் அடி பலம். அப்போது பிரிக்பீல்ட்சிலிருந்து லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு கோலா கிராய் பக்கம் போனோம். வருடா வருடம் பருவமழையோடு மல்லுக்கட்டும் கம்போங் ஆட்கள் அவர்கள். தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியதுமே சுவரைத் தேய்க்கத் தொடங்கிவிடுவோம் என்றார் ஒரு பெரியவர். வெள்ளம் கொண்டுவந்ததை வெள்ளத்தை வைத்தே வெளியேற்றுவது. நாங்கள் போனபோது அவர் வீடு சுத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டில் ஆளில்லாமல் போனதால் சேறு சிமெண்டாக இறுகியிருந்தது.

ஏழு வருடம் கழித்து அந்தப் பாடம் எங்கள் வாசலுக்கே வந்தது. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளம் மூழ்கி, சனங்கள் மாடியிலும் கூரையிலும் காத்திருந்தார்கள். உலு லங்காட்டில் மலையிலிருந்து மரக்கட்டைகளே உருண்டு வந்து வீடுகளை மோதின. லங்காட் ஆற்றோரம் லாபோஹான் டாகாங், புக்கிட் சங்காங் கிராமங்களும் நீருக்குள் போயின. நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பருவத்து வெள்ள நஷ்டத்தைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என்று கணக்கிட்டது. அதில் வீடுகளின் பங்கு மட்டும் 160 கோடி.

முதல் வாரம் ஆள் பஞ்சமே இல்லை. சமைத்துப் போடுவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. கோயில் அண்டாவை இறக்கினால் ஆயிரம் பேருக்குச் சாம்பார் கொதிக்கும். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் சீக்கியர்கள் இரவு பகலாகச் சமைத்தார்கள். படகு வைத்திருந்தவர்கள் கூப்பிடாமலேயே வந்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் வாரம் பொட்டலம் குறைந்தது, மூன்றாம் வாரம் தெருவே காலி. வீடு கட்டி எழுப்பும் வேலை அப்போதுதான் ஆரம்பம்.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. மெயின் சுவிட்ச் பெட்டிக்குள் சேறு போயிருந்தால், லைசென்ஸ் உள்ள வயர்மேன் பார்க்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. ஐஸ்பெட்டியைச் செருகிப் பார்ப்போம் என்கிற ஆசைக்கும் அதே தடை. பூட்ஸ், கையுறை இல்லாத ஆளை நான் உள்ளே விடுவதில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வரும் காய்ச்சல் உடனே தெரியாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் ஆளைப் படுக்க வைக்கும். அப்போது அது வெள்ளத்தில் வந்தது என்று டாக்டரிடம் சொல்லத் தோன்றாது. அதனால் வேலை முடிந்து போகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன்.

பின்கட்டிலிருந்து வாசல் நோக்கித் தள்ள வேண்டும். அதற்கு முன் வாசல் சாக்கடையைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தள்ளியதெல்லாம் திரும்பி வரும். குளோராக்ஸைச் சேற்றின் மேலேயே ஊற்றுகிறவர்கள் நிறைய. அழுக்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும், காசுதான் தண்டம். கழுவித் துடைத்த பிறகு, பூஞ்சை பிடித்த இடத்துக்கு நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் போதும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் அது சேரக்கூடாது. கிளம்பும் புகை நெஞ்சை அடைத்துவிடும். பலகைத்தூளை ஒட்டிச் செய்த சமையலறை அலமாரி ஊறினால் ஊறியதுதான், தூக்கிப் போடலாம். பழைய கெட்டி மரத்தை அப்படிப் போடக்கூடாது. நிழலில் மெதுவாகக் காயவைத்தால் பிழைக்கும், வெயிலில் வைத்தால் பிளக்கும். கம்போங் வீட்டில் தரைப்பலகை மேலே காய்ந்தது போல் தெரியும். ஒரு பலகையைப் பெயர்த்துப் பார்த்தால்தான் அடியில் எவ்வளவு சேறு உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்.

இவ்வளவும் ஒரு பகலில் கற்றுக்கொடுக்கலாம். எதைத் தூக்கிப் போடுவது என்று தீர்மானிப்பது மட்டும் வேறு. இளைஞர்களுக்கு வேகம் அதிகம். வீட்டுக்காரர் தெருவில் திகைத்து நிற்பார், இவர்கள் ஒரு மணி நேரத்தில் வீட்டையே துடைத்து வெளியே குவித்துவிடுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தோட்டத்தில் பிறந்தவன் நான். வெட்டுக்கு மண்டோர் சொல்லாமல் யாரும் மரத்தைத் தொட்டதில்லை. வெள்ளம் புகுந்த வீட்டில் வீட்டுக்காரரே மண்டோர், நாம் கூலி. அவருக்கு வாசலில் ஒரு நாற்காலி போட்டு, வெளியே வரும் ஒவ்வொன்றையும் அவர் கண்ணில் காட்டி, வைக்கவா வீசவா என்று கேட்க வேண்டும். வேலை பாதி வேகத்தில் நடக்கும். நடக்கட்டும்.

புக்கிட் சங்காங்கில் ஒரு மாக்சிக் அப்படி உட்கார்ந்திருந்தார். சோபா, டிவி, மெத்தை எல்லாவற்றுக்கும் கையை வீசி, போகட்டும் என்றார். சேறு பூசிய கால்மிதித் தையல் மெஷின் வந்ததும் எழுந்தே விட்டார். "பெலான்-பெலான், டிக்" என்று கூடவே நடந்தார். நல்ல தண்ணீரில் அலசி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, பிறகு மெஷின் எண்ணெய் விட்டோம். மோட்டார் இல்லாதது நல்லதாகப் போயிற்று. எங்களிடம் விட்டிருந்தால் துருப்பிடித்த இரும்பென்று லோரியில் ஏற்றியிருப்போம். அவருக்கோ ஹரி ராயாவுக்குத் துணி தைத்துக் கிடைக்கும் காசு அது.

ஸ்ரீ மூடாவில் அக்காமார்களுக்குச் சாமி படம். கண்ணாடி உடைந்து, உள்ளே படம் கரைந்திருந்தாலும் சோபாவோடு சேர்த்துக் குப்பை லோரியில் ஏற்ற மனம் வராது. அதற்கென்று தனிப் பெட்டி வைத்திருக்கிறோம். மலாய்க்கார வீடுகளில் குர்ஆன் பக்கங்களுக்கும் அப்படியே; அவை சுராவுக்குப் போகும். கல்யாண ஆல்பத்தை ஒட்டியபடி காயவிடக்கூடாது. ஈரத்தோடு பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, முகம் மேலாகப் பரப்ப வேண்டும். நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு யார் வீட்டு ஃப்ரீசரிலாவது வைத்துவிடலாம், ஆற அமரப் பிரிக்கலாம்.

எங்கள் சாமான் அறை பிரிக்பீல்ட்சில் இருப்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்பும் மரமும் போய்ச் செங்கல் வீடுகள் எழ வேண்டும் என்றானபோது, சூளைகள் எரிந்த இடம் இது. இன்று அங்கே வாளி, துடைப்பம், ஜென்செட், வாட்டர் ஜெட். தீர்ந்துபோனால் கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கத்துக் கடைகளில் வாங்கிக்கொள்வோம்.

என்ன கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும். பழைய துணி வேண்டாம். பிரிக்க ஆள் போதாமல் அதுவே இன்னொரு குப்பை மேடாகும். மூன்றாம் வாரம் சுவர் காய்ந்தபின் கதவுகள் சாத்த வராது, அப்போது தச்சருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். அரசாங்கத்தின் ஆயிரம் ரிங்கிட் உதவிக்குப் பாரம் நிரப்பத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் அனுப்புங்கள். ஐசி நனைந்து கிழிந்தவர்களைப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப் போகவும் ஆள் வேண்டும். சனிக்கிழமை வருவதாக இருந்தால் பசியாறிவிட்டு வாருங்கள். லோரி ஏழரைக்குக் கிளம்பிவிடும்.