வர்ஜீனியா, 5.8

2011 ஆகஸ்ட் 23, பிற்பகல் 1.51. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மினரல் என்றொரு சிற்றூர்ப் பக்கம் 5.8 அளவு நிலநடுக்கம். உயிர்ச்சேதம் இல்லை. ஜப்பானில் என்றால் மாலைச் செய்தியோடு மறந்திருப்பார்கள். இங்கேயோ தெற்கே ஜார்ஜியா, வடக்கே கனடா வரை ஆடியிருக்கிறது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ‘உணர்ந்தீர்களா?’ படிவத்தை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிரப்பினார்கள். தூங்கிக்கொண்டிருந்தீர்களா, அலமாரியிலிருந்து ஏதாவது விழுந்ததா, சுவரில் மாட்டிய படம் கோணியதா? இப்படித்தான் கேள்விகள். பயந்தவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்தான். லட்சம் பேர் சொல்லும்போது அது அமுங்கிவிடும்.

கலிபோர்னியாவில் இதே 5.8 இவ்வளவு தூரம் போகாது. அங்கே பாறை சூடு, பிளவுகளும் அதிகம். அலையை வழியிலேயே தின்றுவிடும். கிழக்கே பழைய, குளிர்ந்து இறுகிய பாறை. சந்தையில் சுண்டிப் பார்த்துப் பானை வாங்குகிறோமே, கீறல் இல்லாததுதான் கணீரென்று ஒலிக்கும்.

245 கி.மீ. தள்ளிக்கூடப் பாறைகள் உருண்டிருக்கின்றன. இந்த அளவு நடுக்கத்துக்கு அதுவரை கண்ட எல்லை 60 கி.மீ.தான்!

மூலம்: எந்த வரைபடத்திலும் இல்லாத பிளவு. மேலே தரை வெடிக்கவில்லை. பின்னதிர்வுகளைப் புள்ளி புள்ளியாகக் குறித்த பிறகே, தென்கிழக்கே சாய்ந்த ஒரு தளம் புலப்பட்டது. பக்கவாட்டில் நெருக்குண்டு மேல்பாறை ஏறியிருக்கிறது. அதுவும் ஒரே வீச்சில் நடக்கவில்லை, அடுத்தடுத்து மூன்று உதை.

நார்த் அன்னா அணுமின் நிலையம் இருபது கி.மீ.க்குள். இரண்டு உலைகளும் தாமாக நின்றன. எரிந்து தீர்ந்த அணு எரிபொருளை அடைத்து, கான்கிரீட் தளத்தில் நிறுத்தியிருந்த உருளைகள் ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேல். 27-ல் 25 நகர்ந்திருந்தன. அதிகபட்சம் நாலரை அங்குலம். எனக்கு எல்லாச் சாட்சியங்களிலும் இதுதான் பெரிது. படிவம் நிரப்பத் தெரியாத சாட்சி, கூட்டியும் சொல்லாது.

வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் விரிசல். கயிற்றில் தொங்கியபடி கல் கல்லாகப் பார்த்தார்கள். மறுபடி திறக்க 2014 மே ஆகிவிட்டது.

வாஷிங்டன் நகர விலங்குக்காட்சிசாலையில், ஆட்டம் தொடங்க ஐந்து பத்து நொடி முன்பே சில மனிதக் குரங்குகள் தீனியை விட்டு மேலே ஏறிக்கொண்டன. சரி, முந்தி வரும் மெல்லிய அலையை உணர்ந்திருக்கும். லெமூர்கள் பதினைந்து நிமிடம் முன்பே கத்தினவாம். இதை நம்ப முடியவில்லை. நிலம் ஆடாத நாள்களில் எத்தனை முறை கத்தின என்ற கணக்கு முதலில் வேண்டும்.