இலையுதிரும் முன்னே

பனி பெய்யும் நாடுகளில் இலைகள் நிறம் மாறத் தொடங்கியதும் தோட்டக்காரன் விழித்துக்கொள்கிறான். விதைகளைச் சேர்த்து வைக்கிறான். பாத்திகளுக்குச் சருகால் போர்வை இடுகிறான். ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறிமாறி வரும் மலேசியத் திருநாட்டில் அத்தகைய குளிர்காலம் இல்லை. ஆயினும், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்கள் ஓர் இலையுதிர் காலத்தை நன்கு அறிந்திருந்தனர். அதனை அவர்களுக்குக் கொண்டுவந்தது வானம் அன்று, மரம்.

ரப்பர் மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. தென்னமெரிக்காவின் அமேசான் காட்டிலிருந்து 1876ஆம் ஆண்டில் அதன் விதைகள் இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மறு ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. கடல் கடந்து வந்த அம்மரம் தன் பிறவிக் குணத்தை மட்டும் விட்டுவிடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, வறட்சி தலைகாட்டும் வேளையில், இலைகளைச் சிவக்கவைத்து உதிர்த்துவிடும். கடல் கடந்து வந்த தொழிலாளியும் அவ்வாறே. ஐப்பசி, தை, மாசி என்னும் பெயர்களைத் தன்னோடு கொண்டுவந்தான். ஆனால் அவற்றின் பொருளை இங்கே புதிதாகக் கற்க நேர்ந்தது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தமிழகத்து உழவன் மொழி. நெகிரி செம்பிலானிலோ ஜூன், ஜூலை மாதங்கள் பெரும்பாலும் மழை குறைந்தவை. சித்திரையை ஒட்டி ஒரு மழை. அக்டோபர், நவம்பரில் மற்றொரு பெருமழை. அதன்பின் ஜனவரியும் பிப்ரவரியும் மீண்டும் வறண்டுவிடும். தித்திவங்சா மலைத்தொடரின் மறைவிலுள்ள ஜெலுபு, கோலப்பிலா வட்டாரங்கள் தீபகற்பத்திலேயே மழை குறைந்த பகுதிகளுள் சேர்ந்தவை. ஆகவே, இங்குள்ள தோட்டத் தமிழனுக்கு ஆடிப்பட்டத்தைவிட ஐப்பசிப் பட்டமே பெரிதாயிற்று. ஏட்டைப் பார்த்து அவன் இதனைக் கற்கவில்லை. வயிற்றைப் பார்த்துக் கற்றான்.

வயிற்றுக்கும் இலைக்கும் என்ன தொடர்பு? மரம் இலையை இழந்து புதுத்தளிர் விடும்போது, தண்டில் சேமித்து வைத்த உணவையெல்லாம் தளிருக்கே செலவிடும். பால் சுரப்பு குறைந்துவிடும். விடியலின் ஈரத்தில் இளந்தளிர்மீது வெண்பூஞ்சை படர்ந்தால் தளிரும் உதிர்ந்துவிடும். குறைவு மேலும் நீளும். மரம் வெட்டுவோர் பெறும் கூலியோ கொண்டுவந்து நிறுக்கும் பாலைப் பெரிதும் சார்ந்தது. பொங்கல் செலவு முடிந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டையும் புத்தகமும் வாங்கிக் கை காலியான அந்த நேரத்தில்தான் வாளியின் கனமும் குறையும். கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பக்கங்கள் வேகமாக நிறையும்.

எனவேதான் லயத்துக்குப் பின்புறத்து நிலத்தில் ஐப்பசி முதல் மழைக்கே மண்வெட்டி இறங்கும். முதலில் லாலாங் புல்லை வேரோடு கெல்லி எடுப்பர். ஒரு துண்டு வேர் தங்கினாலும் அது மீண்டும் தழைக்கும். அடுத்து, பெருமழை விதையை அடித்துக்கொண்டு போகாதவாறு பாத்திகளை மேடாக உயர்த்தி, இடையே வடிகால் வெட்டுவர். அந்தச் செம்மண் புளிப்பு மிகுந்தது. அடுப்புச் சாம்பலைத் தூவினால் புளிப்புத் தணியும். மட்கிய மாட்டெருவை அதன்மேல் கலப்பர். தண்டுக்கீரை விதை மிகச் சிறியது. அதை மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாது. பயற்றங்கொடிக்குக் கழி நடுவர். வெண்டையும் கத்தரியும் ஒருபுறம். வேலி ஓரத்தில் மரவள்ளி. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அரிசி அரிதானபோது எத்தனையோ குடும்பங்களின் உயிரைக் காத்த கிழங்கு அது. அந்த நன்றியினாலோ என்னவோ, மரவள்ளி இல்லாத வேலியைக் காண்பது அரிது.

மாசி பிறந்து மரங்கள் மொட்டையானதும் வேலையின் தன்மை மாறும். பால்மரக் காட்டில் உதிர்ந்த சருகை அள்ளிவந்து பாத்திகளில் பரப்புவர். ஈரம் காக்க அதற்கு இணை வேறில்லை. அரிசி களைந்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் செடிக்கே போகும். மரம் உதிர்த்த இலை, அதே மரம் குறைத்த கூலிக்கு ஈடாகக் கீரையைக் காத்துக் கொடுக்கும். இயற்கையின் கணக்கில் இப்படியும் ஒரு நேர்மை உண்டு.

ரெம்பாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிவந்த ஒரு தாய் இக்கணக்கை ஆண்டுதோறும் பிழையின்றிப் போட்டுவந்தாள். 1980களின் பிற்பகுதியில் ஓர் ஆண்டு, மரங்களை அழித்துச் செம்பனை நடப்போவதாகவும், வரும் சித்திரைக்குள் லயத்தைக் காலிசெய்ய வேண்டுமென்றும் அறிவிப்பு வந்தது. அதுவரை மட்டும் பால்வெட்டு உண்டு. அவ்வாண்டு ஐப்பசியில் பெரும்பாலோர் மண்வெட்டியைத் தொடவில்லை. போகப்போகிற இடத்தில் எதற்கு உழைப்பு என்று மனம் சோர்ந்திருந்தனர்.

அவள் மட்டும் வழக்கம்போல் நிலத்தில் இறங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண் வேலி ஓரம் வந்து நின்று, "எதுக்குக்கா இன்னும் மண்ணக் கொத்துறீங்க? சித்திரைக்கு நாம எங்க இருப்போமோ!" என்றாள்.

அவள் நிமிராமலே சொன்னாள்: "மரந்தான் இலைய உதுக்கும் தங்கச்சி. வயிறு உதுக்குமா?"

அது வெறும் பிடிவாதமன்று. அதில் தேர்ந்த சிந்தனை இருந்தது. அவ்வாண்டு அவள் புதிதாக மரவள்ளி நடவில்லை. முருங்கைக் கொம்பும் ஊன்றவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் பலன்தரும் கீரை, பயறு, வெண்டை ஆகியவற்றை மட்டுமே விதைத்தாள். எஞ்சியிருந்த நாள்களை அளந்து, அந்த அளவுக்குள் அடங்கும் செடிகளையே தேர்ந்தாள். மாசியில் மரங்கள் மொட்டையாயின, வாளியும் இலேசாயிற்று. அவள் பாத்தியிலோ பச்சை இருந்தது. வேலி ஓரம் நின்று கேட்ட அதே பெண்ணின் பிள்ளைகளுக்கும் அவள் கீரை பறித்துக் கொடுத்தாள். அன்று கேட்ட கேள்வியை இருவரும் மீண்டும் பேசவில்லை.

முற்றிய வெண்டைக் காய்களையும் பயற்று நெற்றுகளையும் செடியிலேயே காயவிட்டு, சாம்பலில் புரட்டி, ஒரு பழைய மைலோ டின்னில் அடைத்துவைத்தாள். சித்திரையில் லாரி வந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்த டின்னும், வேர்மண்ணோடு பெயர்த்த ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஏறின. சிரம்பானின் புறநகரில் அடுக்குமாடி வீட்டின் குறுகிய தாழ்வாரத்தில் அவை பழைய வாளிகளில் மீண்டும் முளைத்தன. பாலுக்கென வாங்கிய வாளிகளே அவை.

இந்நிகழ்ச்சியைக் கேட்டு உழைப்பின் உயர்வை மட்டும் பாராட்டிவிட்டுப் போவது முறையன்று. தொழிலாளியின் கொல்லைப் பாத்தி பசியைத் தணித்தது உண்மை. அதே பாத்தி, போதாத கூலியின் போதாமையை வெளியே தெரியாமல் மறைத்ததும் உண்மை. இலையுதிர் மாதத்துப் பள்ளத்தை நிர்வாகத்தின் ஏடு நிரப்பவில்லை. ஒரு பெண்ணின் மண்வெட்டி நிரப்பியது. 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காக நெடுங்காலம் போராடியது. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அப்பாத்திகளுள் மிகப் பல செம்பனைக்கு அடியிலும் வீடமைப்புப் பகுதிகளுக்கு அடியிலும் மறைந்துவிட்டன. இழப்பீடாக எண்ணப்பட்டது வேலையும் வீடும் மட்டுமே. பல்லாண்டுகளாகச் சாம்பலும் எருவும் இட்டுப் பண்படுத்திய மண்ணுக்கு விலை வைத்தவர் எவருமில்லை.

செம்பனை, ரப்பரைப் போல ஒருசேர இலையுதிர்ப்பதில்லை. ஆகவே இன்றைய மாணவர் பலர், காடு முழுதும் சிவந்து ஒரு திங்களில் வெறுங்கொம்பாகும் காட்சியைக் கண்டதில்லை. பள்ளித் தோட்டத்தில் கீரை விதைக்கும் மாணவனுக்கு ஆசிரியர் அந்தக் காட்சியைச் சொல்லிக் காட்டலாம். மரம் ஏன் இலையை உதிர்க்கிறது என்பது அறிவியல் பாடம். உதிரும் என்று அறிந்தவர்கள் அதற்கு முன் என்ன செய்தார்கள் என்பது வாழ்க்கைப் பாடம்.

அந்தத் தாயின் டின்னில் இருந்த விதையின் வழிவந்த வெண்டை, அந்தத் தாழ்வாரத்து வாளியில் ஆண்டுதோறும் காய்த்துவந்தது. ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு காய்களை அவள் பறிக்கமாட்டாள். பிள்ளைகள் கேட்டால், "அது அடுத்த ஐப்பசிக்கு" என்பாள்.