பம்ப் மீது பழி

பழைய டீசல் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தால், முதல் பழி விழுவது அதிலேயே விலை உயர்ந்த பாகத்தின் மீதுதான். 'பம்ப் போச்சு' என்ற தீர்ப்பை இந்தியாவின் எந்த நெடுஞ்சாலைப் பட்டறையிலும் 5 நிமிடத்தில் வாங்கிவிடலாம். அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்க்கத்தான் நேரம் பிடிக்கும். அந்த நேரம் வண்டிக்காரரிடமும் இருப்பதில்லை, மெக்கானிக்கிடமும் இருப்பதில்லை.

ஹிமாசலப் பிரதேசத்தின் ஆப்பிள் பகுதியில் இந்த அவசரம் இன்னும் கூடுதல். 1916இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் கோட்கட் பகுதியில் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை நட்டதில் தொடங்கிய பயிர் அது. இன்று சிம்லா மாவட்டத்தின் பொருளாதாரமே அதைச் சுற்றித்தான் சுழல்கிறது. ஜூலையில் தொடங்கி அக்டோபருக்குள் பழம் மரத்தை விட்டு இறங்கி, பெட்டிக்குள் புகுந்து, மலைப் பாதையைக் கடந்து மண்டிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒரு நாள் வண்டி நின்றால் அந்த லோடு அடுத்த வண்டிக்குப் போய்விடும். இரண்டு நாள் நின்றால் தோட்டக்காரரே போய்விடுவார்.

அந்த மலையில் ஒரு பழைய பிக்கப் வண்டி. மூன்று கை மாறி வந்தது. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், டர்போ கிடையாது, எலெக்ட்ரானிக்ஸ் என்ற பேச்சே இல்லை. ஓட்டுபவரும் உரிமையாளரும் ஒருவரே, ஐம்பதைக் கடந்தவர். 20 கிலோ பெட்டிகளாக 50 ஏற்றினால் 1 டன். கோட்கட் சரிவிலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் நார்கண்டாவுக்கு ஏறி, அங்கிருந்து தியோக் வழியாகச் சிம்லா மண்டிக்கு இறங்குவது அவருடைய அன்றாட ஓட்டம்.

அந்த சீசனில் வண்டிக்கு இரண்டு நோய்கள் வந்தன. காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. பேட்டரி களைத்துப் போகும் வரை சுற்றினால்தான் இருமிக்கொண்டு உயிர் வந்தது. அப்புறம் சமதளத்தில் சமர்த்தாக ஓடியது. ஆனால் லோடோடு ஏற்றம் ஏறும்போது பாதி வழியில் மூச்சு வாங்கும், இழுவை குறையும், பிறகு நின்றுவிடும். பத்து நிமிடம் காத்திருந்தால் எதுவுமே நடக்காதது போல மீண்டும் ஓடும்.

இதில் பணம் மட்டும் பணயம் இல்லை. பிரேக்கை மிதிக்கக் கைகொடுக்கும் வேக்குவம் பூஸ்டர், எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எஞ்சின் நின்ற பிறகு இரண்டு மூன்று மிதிக்கு மட்டுமே அதன் உதவி மிச்சமிருக்கும். அதற்கப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஒரு நாள் நார்கண்டாவுக்குக் கீழே ஒரு வளைவில் வண்டி நின்று பின்னோக்கி நகர ஆரம்பித்தது. கூட வந்த பையன் குதித்து இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கல்லைத் தள்ளினான். வண்டி நின்றது. "சாச்சா, இனி நான் முன்னால் உட்கார மாட்டேன். பின்னால் பெட்டிமேல் கல்லோடு உட்கார்ந்துகொள்கிறேன்" என்றான். அவன் தமாஷாகத்தான் சொன்னான். ஓட்டுநருக்குச் சிரிப்பு வரவில்லை.

சிம்லாவில் ஒரு பம்ப் கடையில் கேட்டார். பம்ப்பைக் கழற்றி, பிரித்து, உள்பாகங்கள் மாற்றி, பெஞ்சில் ஏற்றிச் சரிபார்க்க 28,000 ரூபாய், நான்கு நாள் என்றார்கள். நான்கு நாள் என்பது சீசனில் நான்கு லோடு.

பம்ப் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. அவரிடம் வரும் வண்டிகளில் பலவற்றுக்கு உண்மையிலேயே பம்ப் தேய்ந்திருக்கும். அந்தக் கருவியின் நுட்பம் அப்படி. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் டீசலைப் பனித்துளி போலப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். சரியான நொடியில், சரியான அளவில், மிகுந்த அழுத்தத்தில் அதைப் பீய்ச்ச வைப்பதுதான் பம்ப்பின் வேலை. உள்ளே நகரும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான்; தலைமுடிகூட அதைவிடப் பல மடங்கு தடிமன். 1927இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இந்தப் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் டீசல் எஞ்சின் லாரிகளில் பரவலாக நுழைய முடிந்தது. இந்தியாவில் அந்தத் தொழில் 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தோடு வந்தது. 2008இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது. ஆனாலும் பழைய மெக்கானிக்குகள் வாயில் அது இன்னும் 'மைக்கோ பம்ப்'தான்.

இத்தனை நுட்பமான பாகத்தைச் சந்தேகப்படுவது இயல்பு. சந்தேகத்தின் பேரிலேயே அதைக் கழற்றுவதில்தான் வம்பு. தூசி நிறைந்த பட்டறையில் ஒரு முறை பிரிக்கப்பட்ட பம்ப், நன்றாக இருந்தாலும் நோயாளியாகித் திரும்பி வரக்கூடும்.

தியோக்கில் ஒரு வயதான உஸ்தாத் இருந்தார். பட்டறை என்று சொல்ல ஒரு தகரக் கொட்டகை. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விகள் கேட்டார். டேங்க் நிறைய இருக்கும்போது நிற்கிறதா, பாதியிலா? நிற்பதற்கு முன் திணறுகிறதா, சட்டென்று அணைகிறதா? எத்தனை நிமிடம் காத்திருந்தால் ஓடுகிறது? புகை என்ன நிறம்?

ஏற்றத்தில் கொஞ்சம் கரும்புகை வருகிறது என்றார் ஓட்டுநர். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், டர்போ இல்லாத எஞ்சின் கரும்புகை விடத்தான் செய்யும், அதைக் கணக்கில் எடுக்காதே என்றார் உஸ்தாத். கடைசியில் அவர் சொன்னது இது: "பாயி, பம்ப்பைத் திட்டுவதற்கு முன்னால் அதற்குச் சாப்பாடு போகிறதா என்று பார்."

டேங்கிலிருந்து நாசில் வரை டீசல் போகும் பாதை நீளமானது. டேங்குக்குள் ஒரு வலை, அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக ஓடும் குழாய், நடுநடுவே ரப்பர் ஹோஸ், பிறகு ஃபீட் பம்ப், ஃபில்டர், அதற்கப்புறம்தான் பெரிய பம்ப், அதிலிருந்து நான்கு இரும்புக் குழாய்கள், நான்கு நாசில்கள். இத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது ஒரு வழி. பாதையை இரண்டாக வெட்டி, எந்தப் பாதியில் கோளாறு என்று முதலில் தீர்மானிப்பது இன்னொரு வழி. உஸ்தாத் இரண்டாவது வழிக்காரர்.

10 லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசலை வடிகட்டி ஊற்றினார். அதைக் கேபினுக்கு வெளியே, பின் பக்கத்தில் கயிற்றால் கட்டினார். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு புது ஹோஸை நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்தார். ஃபில்டர் தலையில் இருந்த கை பம்ப்பை அழுத்தி ஏர் எடுத்தார். லோடு ஏற்றிக்கொண்டு நார்கண்டா வரை போய் வா என்றார்.

வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. கேனைக் கழற்றாமலே இரவு விட்டார்கள். காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. 28,000 ரூபாய் பம்ப் குற்றமற்றது என்று அத்தோடு நிரூபணமாகிவிட்டது. ஃபில்டரும் நாசில்களும்கூடத் தப்பின. இரண்டு நோய்களும் டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையேதான் இருந்தாக வேண்டும்.

பழைய குழாயை மீண்டும் பொருத்திய பிறகு அவர் நேராகப் போனது டேங்க் மூடிக்கு. அதன்மேல் ஒரு பாலிதீன் பை, ரப்பர் வளையங்களால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மழைத் தண்ணீர் டீசலில் இறங்கக் கூடாதே என்று ஓட்டுநரே கட்டியது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மூடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. டீசல் செலவாகச் செலவாக அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போவது அதன் வழியாகத்தான். அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். சமதளத்தில் டீசல் செலவு குறைவு, சமாளிக்கும். ஏற்றத்தில் எஞ்சின் அதிகம் கேட்கும்; ஃபீட் பம்ப் இழுத்துப் பார்த்துத் தோற்கும். பத்து நிமிடம் காத்திருந்தால் எங்காவது கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போய், வண்டி மீண்டும் ஓடும்.

பையைக் கழற்றியதும் ஏற்றத்தில் நிற்பது நின்றது. ஆனால் காலைத் தொல்லை தீரவில்லை.

இங்கேதான் பலர் குழம்புவார்கள். ஒரே நாளில் ஃபில்டர், ஹோஸ், வாஷர் என்று எல்லாவற்றையும் மாற்றினால் வண்டி சரியாகலாம். எதனால் சரியானது என்று தெரியாது. திரும்ப வந்தால் மீண்டும் அத்தனையும் மாற்ற வேண்டும். உஸ்தாத் ஒரு முறைக்கு ஒரு காரியம்தான் செய்தார். ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸை இடையில் செருகி எஞ்சினை ஓடவிட்டார். அதற்குள் குமிழிகள் வரிசையாக ஓடின.

டீசல் எங்கும் சொட்டவில்லையே என்றார் ஓட்டுநர். சொட்டாது. ஃபீட் பம்ப்புக்கு முன்னால் உள்ள பாதை உறிஞ்சும் பாதை. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இரவில் அதே காற்று டீசலை டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். காலையில் காலிக் குழாயை நிரப்பவே பேட்டரி தீர்ந்துவிடும். சேஸிஸ் வளைவில், கிளிப்புக்கு அடியில், காய்ந்து இறுகிப்போன ரப்பர் ஹோஸில் நூல் போல ஒரு விரிசல். புது ஹோஸ், இரண்டு கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய்.

எல்லா வண்டிகளுக்கும் இதே விடை கிடைக்காது. கேன் சோதனையிலும் வண்டி திணறினால் சந்தேகம் அடுத்த பாதிக்கு நகரும். முதலில் ஃபில்டர். ஸ்டார்ட்டர் சுற்றும்போது புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. வெண்புகை வந்தால் டீசல் போகிறது, சரியாக எரியவில்லை. நீலப்புகை என்றால் எரிவது எஞ்சின் ஆயில். பழைய எஞ்சினில், ஐடிலில் ஓடும்போது நாசில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்திப் பார்ப்பார்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் சோம்பேறி. ஆனால் கையை அருகில் கொண்டுபோகக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். காயம் ஊசி முனை அளவே தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அவற்றில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

பழைய வண்டி மாறாமல் நிற்க, டீசல் மாறிவிட்டது என்பது இன்னொரு விஷயம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பி.எஸ்.-6 டீசலில் கந்தகத்தின் உச்ச வரம்பு 10 லட்சத்தில் 10 பங்கு. காற்றுக்கு இது மிகவும் நல்லது. ஆனால் கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைகிறது; அதை ஈடுகட்டச் சுத்திகரிப்பு ஆலைகள் தனியே மருந்து சேர்க்கின்றன. சுழல் வகைப் பம்ப்புக்குத் தனி ஆயில் கிடையாது, டீசலேதான் அதன் ஆயில். அதில் யாராவது மண்ணெண்ணெய் கலந்தால் முதலில் தேய்வது பம்ப்தான். குளிரில் டீசல் மெழுகாக உறையாமல் இருக்க மண்ணெண்ணெய் கலப்பது மலைப் பகுதிகளில் பழைய வழக்கம். லடாக்கில் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியதற்குப் பின்னணி இந்த உறையும் தொல்லைதான்.

இவ்வளவு பாடுபட்டு இந்த வண்டிகளைக் காப்பாற்றத்தான் வேண்டுமா? நியாயமான கேள்வி. 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தில்லியில் தடை விதித்தது; 2018இல் உச்ச நீதிமன்றமும் அதே நிலையை எடுத்தது. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் பழைய டீசலின் புகை புதியதன் புகையைவிட மோசம்தான். ஆனால் மலையில் ஒற்றை வண்டி வைத்திருப்பவருக்கு மாற்று என்பது புது வண்டி அல்ல, வங்கிக் கடன். நான்கு மாத சீசன் வருமானத்தில் 12 மாதத் தவணை கட்ட வேண்டும். அந்தக் கணக்கு சரிவரும் வரை பழைய வண்டி ஓடத்தான் போகிறது. ஓடுவது ஒழுங்காக ஓடினால் புகையும் குறையும், வளைவில் கல்லைத் தேடி ஓடவும் வேண்டாம்.

உஸ்தாதின் கொட்டகையில் இப்போது சீடர்கள் யாரும் இல்லை. கம்ப்யூட்டரை மாட்டினால் கோளாறின் எண்ணைச் சொல்லும் வண்டிகளுக்கே இளைஞர்கள் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கண்ணாடி ஹோஸ் மட்டும் கைமாறியிருக்கிறது. பிக்கப்பில் வந்த பையன் அதைக் கேட்டு வாங்கி, இரண்டு கிளிப்போடும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடும் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறான். நார்கண்டா ஏற்றத்தில் எந்த வண்டி நின்றாலும் ஓட்டுநர்கள் இப்போது அவனைத் தேடுகிறார்கள். அவன் முதலில் போய்ப் பார்ப்பது டேங்க் மூடியை.