வழுக்குகிற தண்ணீர்

முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். "கார்ல யாரோ வெல்லப்பாகு காய்ச்சின மாதிரி வாசனை வருது" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்தில் அவள் காலடியில் மேட் ஈரமானது. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும் என்று ஒரு கடையில் காற்றடித்து ஊதினார்கள். ஈரம் நிற்கவில்லை. மறுபடி ஊதினார்கள், மறுபடி கூலி வாங்கினார்கள். கடைசியில் டிராக்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வழி சொல்ல, தை மாதத்து ஒரு காலையில் வில்லியனூரிலிருந்து ஏம்பலம் வழியாகப் பாகூர்ப் பக்கம் போய், ஒரு ரேடியேட்டர் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

அது ஒரு தகரக் கொட்டகை. மூலையில் இடுப்பளவு சிமென்ட் தொட்டி, நிறையத் தண்ணீர். அறுவடை மெஷினிலிருந்து கழற்றிய ரேடியேட்டர் ஒன்று கதவு மாதிரி சுவரில் சாய்ந்திருந்தது. பாகூர் ஏரிப் பாசனத்தில் சம்பா அறுவடை நடக்கும் நேரம். மெஷின்கள் வைக்கோல் தூசிக்குள்ளேயே ஓடுகின்றன. தூசி ரேடியேட்டர் இதழ்களுக்கிடையே அடைத்துக்கொள்கிறது, எஞ்சின் கொதிக்கிறது. இந்த இரண்டு மாதமும் பட்டறை மேஸ்திரிக்குக் கார் இரண்டாம் பட்சம்தான். "மெஷின் நின்னா வயல்ல ஆளு நிக்கிறாங்க. ஒங்க கார் நிக்கட்டும் சார்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். அறுபதைத் தாண்டியவர். பதினொரு மணிக்கு மேல்தான் என் பக்கம் வந்தார்.

பானெட்டைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இடப்பக்கக் கதவைத் திறந்து, மண்டியிட்டு, மேட்டை அழுத்தி, விரலில் ஒட்டியதைக் கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தார்.

"ஏசித் தண்ணி வழுக்காது சார். காஞ்சா தடமே இருக்காது. இது வழுக்குது. காஞ்ச எடம் பிசுபிசுங்குது பாருங்க."

நாளிதழின் வெள்ளை ஓரத்தில் விரலைத் துடைத்துக் காட்டினார். இளம்பச்சை. என் கூலண்ட்டின் நிறம். மழையே இல்லாத நாளில் முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் படிந்ததா, கூலண்ட் டப்பாவில் அடிக்கடி தண்ணீர் குறைந்ததா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆம். நான் விரலை மூக்கருகே கொண்டுபோனதும் தடுத்தார். "மோந்து பாருங்க, நாக்குல மட்டும் வெச்சிடாதீங்க. இனிக்கும், ஆனா விஷம்." கூலண்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலின் குணம் அது. இனிப்புக்கு நாய்கள் வந்து நக்கிவிடும் என்பதால், பட்டறைத் தரையில் சிந்தியதும் பையன் மண்ணை அள்ளிப் போடுகிறான்.

ஒழுகுவது ஹீட்டர் காயில். டேஷ்போர்டுக்குப் பின்னால், ஏசியின் கூலிங் காயிலோடு ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் கையகல ரேடியேட்டர். எஞ்சினின் கொதிநீர் அதற்குள் போய்த் திரும்பும். குளிர்நாட்டில் அதன்மேல் காற்றை ஊதி உள்ளே கதகதப்பு உண்டாக்குவார்கள். புதுச்சேரியில் மார்கழி விடியலே இருபது டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கிறது. ஹீட்டர் திருகை நான் சிவப்புப் பக்கம் திருப்பியதே இல்லை. ஆனால் பெரும்பாலான கார்களில் திருகு அசைப்பது காற்றை மறிக்கும் ஒரு மடலை மட்டும்தான்; தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஒருநாளும் பயன்படுத்தாத உறுப்பில், சித்திரை வெயிலிலும் தொண்ணூறு டிகிரித் தண்ணீர் சுற்றியிருக்கிறது.

சந்தேகம் தீர்ந்தாலும் அவர் சோதிக்காமல் விடவில்லை. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைக் கழற்றினார். அதில் 1.1 என்று அச்சடித்திருந்தது. 1.1 பார், அதாவது ஏறக்குறைய பதினாறு பவுண்டு அழுத்தம். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல காயிலும் கிழியலாம் என்பதால் பதினைந்தோடு நிறுத்தினார். மூடியின் இடத்தில் மாட்டிய கைப்பம்பின் முள் மெதுவாக இறங்கியது. பிறகு காயிலுக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸையும் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்து, மறுபடி பம்ப் அடித்தார். ஒரு டீ குடித்து முடிக்கும்வரை முள் அசையவில்லை. காயிலை விலக்கினால் ஒழுக்கு இல்லை. இதற்கு முன்னால் ஊதியவர்கள் செய்யாதது இந்தக் கால் மணி நேர வேலைதான்.

கொட்டகைப் பரணிலிருந்து பழைய காயில் ஒன்றை எடுத்துக் காட்டினார். செம்பும் பித்தளையும். ஒழுகினால் இரண்டு வாயையும் அடைத்து, காற்றேற்றி, தொட்டியில் முக்குவார்களாம், சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பதுபோல. குமிழ் வரும் இடத்தைச் சுரண்டி, ஆசிட் தொட்டு, ஈயத்தை உருக்கி அடைப்பார்கள். இருநூறு டிகிரிக்கும் குறைவிலேயே ஈயப்பற்று இளகிவிடும், செம்பு கலங்காது. இப்போது வருவதெல்லாம் அலுமினியம். அதன்மேல் படிந்திருக்கும் ஆக்சைடுத் தோல் இரண்டாயிரம் டிகிரிக்கும் உருகாது. உள்ளே இருக்கும் உலோகமோ 660 டிகிரியில் ஓடிவிடும். மேஸ்திரிக்கு இந்த எண்கள் வேண்டியிருக்கவில்லை. "தோலு வேகறதுக்குள்ள உள்ள குழைஞ்சிடுது சார்" என்றார். அந்தக் கைவேலை போன வருத்தம் எனக்குத்தான் இருந்தது. அவருக்கு இல்லை. "ஈயப் புகையை முப்பது வருஷம் மோந்தாச்சு. போவட்டும்."

புதுக் காயில் மாட்டலாம். அதற்கு டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும், ஏசி கேஸை எடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும், பழைய வண்டியின் பிளாஸ்டிக் கிளிப்பில் பாதி உடையும். அவரே வேண்டாம் என்றார். பைபாஸ் போதும். இரண்டு வாயிலும் போல்ட் வைத்து இறுக்கிவிடலாமா என்று பையன் கேட்டதற்கு மட்டும் கோபம் வந்துவிட்டது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரிவதே இந்த வழியாக வரும் தண்ணீரால்தான். அடைத்தால் அது திறக்கப் பிந்தும், எஞ்சின் கொதித்துவிடும். வளைத்து இணைக்க வேண்டும், அடைக்கக் கூடாது.

எனக்கு என்ன நஷ்டம் என்பதையும் மறைக்கவில்லை. மலையேறும்போது எஞ்சின் சூடானால், ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டால் அது இரண்டாவது ரேடியேட்டராக உதவும். மழையில் கண்ணாடியைப் பனி மூடினால் ஏசியோடு சேர்ந்து அதை விரட்டும். இனி இரண்டும் கிடையாது.

"டப்பாவுல என்னா தண்ணி ஊத்துவீங்க?"

போர் தண்ணீர் என்றேன். சிரித்தார். கடலை ஒட்டிய ஊர்களில் போரில் உப்பு ஏறியிருக்கிறது. அந்த உப்பு அலுமினியத்தை ஊசித் துளையாக அரித்துவிடும். உள்ளிருந்ததை வடித்தபோது கலங்கலாக வந்தது. தெளியும்வரை அலசி, கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டு, பையன் ஹோஸைப் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றினான். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பிறகே மூடி போட்டார்கள்.

தகரக் கூரைமேல் காயப்போட்ட மேட்டை எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தபோது மேஸ்திரி பானெட்டின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிக்கொண்டிருந்தார்: ஹீட்டர் பைபாஸ், கீழே தேதி.

"எதுக்கு மேஸ்திரி?"

"நாளைக்கி வேற எவனாவது தொறப்பான். அவன் தேடக் கூடாதில்ல."