செல்ஃப் எடுக்காத கார்

போன வாரம் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி அவுட் என்று நானே முடிவு கட்டி, ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதுசு மாட்டினேன். மூன்றாம் நாள் மறுபடியும் அதே 'டிக்'.

அப்புறம்தான் தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். மனுஷர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிங்க தம்பி" என்றார். அடித்தேன். வெளிச்சம் துளியும் மங்கவில்லை. "பேட்டரி படுத்திருந்தா லைட்டும் சேர்ந்து படுக்கும். இது கேபிள் சமாச்சாரம், இல்லாட்டி ஸ்டார்ட்டர்."

பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தார், 12.6 வோல்ட், முழு சார்ஜ். பிறகு ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் மேலும் வைத்து, மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். அரை வோல்ட் கூடத் தாண்டக்கூடாத இடத்தில் 8 வோல்ட் காட்டியது. கியர்பாக்ஸில் போல்ட் போட்டிருந்த எர்த் கேபிளைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பொடி பூத்துக் கிடக்கிறது! கரண்டெல்லாம் அங்கேயே மாட்டிக்கொண்டால் ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றும்?

உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார். முதல் அடியிலேயே ஸ்டார்ட். ஓடும்போதும் ஒருமுறை பார்த்தார், 14.2, ஆல்டர்னேட்டரும் நலம். கூலி 200 ரூபாய். எனக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

உங்கள் வண்டியும் 'டிக்' என்றால், பேட்டரிக் கடைக்குப் போகுமுன் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள்.