நாக்கை நீட்டுங்க பாஸ்!

ஒரு சின்ன டெஸ்ட். லெக்சரர் இந்தப் பக்கம் பார்க்கலைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, நாக்கை வெளியே நீட்டுங்க. உதட்டைத் தாண்டி வருதா? இப்போ வாயை நல்லா திறந்து வெச்சுக்கிட்டே நாக்கு நுனியால மேல் அண்ணத்தைத் தொடுங்க. முடிஞ்சுதா? வாழ்த்துகள். இந்த ரெண்டு பேப்பர்லயும் எனக்கு பிறந்ததுல இருந்தே அரியர்!

என் நாக்கு நுனி கீழ்வரிசைப் பல்லைத் தாண்டாது. கஷ்டப்பட்டு நீட்டினா, நடுவுல பள்ளம் விழுந்து ஹார்ட்டின் ஷேப்புக்கு வந்துடும். ('பிறவியிலேயே ரொமான்டிக் நாக்குடா உனக்கு' - இது என் ரூம்மேட்.) காரணம், நாக்குக்கு அடியில, நட்ட நடுவுல இருக்கிற ஒரு மெல்லிய சவ்வு. அது எல்லோருக்கும் உண்டு, கண்ணாடியில பார்த்துக்கங்க. சிலருக்கு மட்டும் அது குட்டையா, இறுக்கமா, நுனிக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கும். டாக்டர்கள் 'டங் டை'ன்னு சொல்வாங்க. எங்க மதுரைப் பக்கம், 'நாக்கு ஒட்டியிருக்கு'. நூறு குழந்தைக்கு நாலுல இருந்து பத்து வரைக்கும் இருக்கலாம்னு ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுது. எதை 'ஒட்டு'ன்னு எடுத்துக்கறதுங்கிறதுலயே டாக்டர்களுக்குள்ள ஒத்த கருத்து இல்லை. ஆண் குழந்தைகள்ல கொஞ்சம் ஜாஸ்தி. சில குடும்பங்கள்ல பரம்பரையாவும் வரும்.

அந்தப் 'பரம்பரை' மேட்டர்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வெச்சிருக்கு. அக்காவுக்குப் பிரசவமாகி, எங்க வீட்டுக்கு ஒரு குட்டி தேவதை வந்து சேர்ந்தா. அஞ்சாம் நாள் அவ வீல்னு அழுதப்ப பார்த்தா... அதே ஹார்ட்டின்!

எனக்கு ஒட்டியிருந்ததால பெருசா ஒண்ணும் குடி மூழ்கலை. கடைவாய்ப்பல்லில் ஒட்டின கடலைமிட்டாயை நாக்கால எடுக்க முடியாது, விரல்தான். 'ர' கொஞ்சம் வழுக்கும். வைவாவில் 'தெர்மோடைனமிக்ஸ்'னு வேகமா சொன்னா எக்ஸ்டர்னல் ஒரு மாதிரி பார்ப்பார். மற்றபடி பேசிப் பேசியே ஹாஸ்டல்ல ஆளைக் கொல்றவன் நான். அம்மா அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. 'இவனுக்கு வெட்டாமத்தானே விட்டோம், பேசலையா? பாப்பாவுக்கும் ஒண்ணும் வேண்டாம்.'

ஆனா, அக்காவோட பிரச்னை பேச்சு இல்லை, பால்! ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் குடிக்கும். 'டிக்... டிக்...'னு சத்தம் வரும். வாயை எடுத்த அஞ்சாவது நிமிஷம் மறுபடி பசி அழுகை. அக்கா தலையணை ஓரத்தைப் பல்லால கடிச்சுக்கிட்டு வலியைப் பொறுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. பால் குடிக்கும்போது குழந்தையோட நாக்கு கீழ் ஈறைத் தாண்டி நீண்டு, மார்பை மெத்தை மாதிரி ஏந்திக்கணும். நாக்கு நீளாத குழந்தை ஈறால கடிச்சுப் பிடிக்கும். அம்மாவுக்குப் புண்ணு, பிள்ளைக்குப் பட்டினி. (மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஒரு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் குறையுது.)

மச்சான் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனார். ரெண்டே நிமிஷம் பார்த்தாங்க. 'நாளைக்கே லேசர் வெச்சுடலாம். மேலுதட்டு சவ்வையும் சேர்த்து எடுத்துடலாம். இல்லைன்னா பேச்சு வராது' - மொத்தம் 15 ஆயிரம் ரூபா! பிள்ளை பால் குடிக்கிறதை யாரும் பார்க்கவேயில்லை.

வீட்டுக்கு வந்தா அப்பத்தா ஒரு பக்கம் வசம்பைச் சுட்டுக் கையில வெச்சுக்கிட்டு ரெடி. 'உரசி நாக்குல ஒரு இழுப்பு இழுத்தா எல்லாம் தளந்துரும் ராசா...' வசம்புல இருக்கிற பீட்டா அசரோன்ங்கிற சமாச்சாரத்துக்கு பயந்து 1968-லயே அமெரிக்காவுல அதை உணவுல சேர்க்கத் தடை போட்டாங்க அப்பத்தான்னேன். 'அவன் கிடக்கான், உனக்கு வெச்சுத்தானே வளத்தேன்'னுச்சு. நாக்கு ஒட்டினபடியேதானே இருக்குன்னு காட்டினதும்தான் கிழவி வாபஸ்!

அன்னைக்கு ராத்திரி அக்கா கேட்டா. 'தம்பி, நீ சொல்லு. வெட்டலாமா, வேணாமா?' மொத்தக் குடும்பமும் என் வாயைப் பார்த்துச்சு. ஒரே ஒரு சாம்பிளை வெச்சுக்கிட்டு ஒரு பச்சப்புள்ளைக்கு எப்படிங்க முடிவெடுக்கிறது? செமஸ்டருக்குக்கூட அப்படிப் படிச்சதில்லை. விடிய விடிய உட்கார்ந்து தேடினேன்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல 1997-ல் 'டங் டை'ன்னு பதிவான குழந்தைகள் ஏறக்குறைய 4 ஆயிரம். 2012-ல் கிட்டத்தட்ட 33 ஆயிரம்! 15 வருஷத்துல மனுஷன் நாக்கு எட்டு மடங்கு ஒட்டிக்குமா என்ன? சிக்னல் அதேதான், சென்சார்தான் மாறியிருக்கு. தாய்ப்பால் கொடுக்கிறவங்க கூடினாங்க, தேடிப் பார்க்கிறதும் கூடுச்சு. பிரேசில்ல ஒரு படி மேலே போய், பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் நாக்கைச் சோதிக்கணும்னு 2014-ல் சட்டமே போட்டுட்டாங்க.

சரி, வெட்டினா பலன் உண்டா? 2017-ல் காக்ரேன் அமைப்பு அஞ்சு ஆய்வுகளை, மொத்தம் 302 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்துச்சு. அம்மாவோட வலி கொஞ்ச நாளைக்குக் குறையுது. குழந்தை நல்லா குடிக்குதாங்கிறதுக்கு ஒரே மாதிரியான விடை கிடைக்கலை. பிரிட்டன்ல இன்னும் பெரிய ஆய்வு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 'வெட்ட வேண்டாம்' குரூப்ல விழுந்த குடும்பங்கள்ல பெரும்பாலானவங்க பொறுக்க முடியாம போய் வெட்டிக்கிட்டாங்க! ஆய்வு பாதியிலயே நின்னு போச்சு. அந்த அம்மாக்களைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரலை; தலையணையைக் கடிக்கிற அக்காவை நான் பார்த்திருக்கேன். 2024 ஜூலையில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஒரு அறிக்கை விட்டுச்சு. ஒட்டு நாக்கு இருக்கிற குழந்தைகள்ல பாதிக்கும் குறைவானவங்களுக்குத்தான் பால் குடிக்கிறதுல சிரமம்; முதல்ல பால் கொடுக்கிற முறையைச் சரி பண்ணிப் பாருங்க; லேசர் உசத்தின்னு நிரூபணம் இல்லை. பின்னாடி பேச்சு வராமப் போயிடும்னு இப்பவே வெட்டுறதுக்கும் சரியான ஆதாரம் இல்லை.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரி. அங்கே இருந்த குழந்தை டாக்டர் நாக்கை அப்புறம் பார்த்தார். முதல்ல எடை. பிறந்தப்ப 2.9 கிலோ, இப்ப 2.6. முதல் சில நாள்ல எல்லாக் குழந்தையும் கொஞ்சம் இறங்கும்தான். ஆனா பத்து சதவிகிதம்ங்கிறது கோட்டு மேல நிக்கிற கேஸ். நர்ஸ் அக்கா ஒருத்தங்க, பிள்ளை முழுசா குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தாங்க. பிடிக்கிற கோணத்தை மாத்தினாங்க. பிழிஞ்செடுத்த பாலைப் பாலாடையில ஊட்டச் சொன்னாங்க. 'மூணு நாள் கழிச்சு வாங்க.'

மூணு நாள்ல எடை லேசா ஏறியிருந்துச்சு, பாலாடை புண்ணியத்துல. வலி மட்டும் அப்படியே. 'இப்ப வெட்டலாம்'னார் டாக்டர். பிறந்ததும் வைட்டமின் 'கே' ஊசி போட்டாச்சான்னு கேட்டுக்கிட்டார், ரத்தம் உறையறதுக்கு அது முக்கியமாம். துணியில சுருட்டி, தலையை ஒருத்தங்க பிடிச்சுக்க, நாக்கைத் தூக்கி, கத்தரியால ஒரு 'நறுக்'. மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை. பஞ்சுல ரெண்டு சொட்டு ரத்தம். உடனே அக்கா மடி! இது கைக்குழந்தைக்கு மட்டும்தான் இவ்வளவு ஈஸி. வளர்ந்த பிள்ளைன்னா மயக்க மருந்து, தையல்னு அது வேற லெவல். கைக்குழந்தைக்குமே அபூர்வமா ரத்தம் நிக்காம போறது, கிருமித் தொற்று, மறுபடி ஒட்டிக்கிறது, எச்சில் சுரப்பிக் குழாய்ல காயம்னு வரலாம். அதை எல்லாம் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க.

சினிமா மாதிரி அந்த நிமிஷமே எல்லாம் மாறிடலை. வெட்டின இடத்துல வெள்ளையா ஏதோ படிஞ்சதும் சீழ்னு பதறிட்டோம். புண்ணு ஆறுற அடையாளம்னு சொல்லி அனுப்பினாங்க. ஒரு வாரத்துல அக்கா தலையணையை விட்டா. பதினஞ்சாம் நாள் பிறந்த எடையைத் தொட்டாச்சு. வெட்டினதாலதான் சரியாச்சா, நாளாக நாளாகத் தானாவே சரியாகியிருக்குமா? கன்ட்ரோல் குரூப்புக்கு எனக்கு இன்னொரு மருமக இல்லையே!

இந்தக் கதை தெருவுல பரவினதும் பின்வீட்டு அக்கா வந்தாங்க. பையனுக்கு ரெண்டரை வயசு. ஒரு வார்த்தை வரலை. நாக்கும் கொஞ்சம் ஒட்டினாப்புலதான் இருக்கு. 'நறுக்குனு வெட்டிட்டா பேசிருவான்ல தம்பி? ரெண்டு இடத்துல சொல்லிட்டாங்க.'

இங்கேதான் எனக்குப் பக்குனு ஆச்சு. யோசிங்க. நாக்கு ஒட்டியிருந்தா சில எழுத்துகள் மழுங்கலாம். 'ர'வுக்கும் 'ழ'வுக்கும் நாக்கு நுனி எழும்பி அண்ணத்தைத் தடவணும்னு தொல்காப்பியர் பிறப்பியல்ல அப்பவே சொல்லி வெச்சிருக்கார். (அதுக்காக 'வாளப்பளம்'னு சொல்ற பாதித் தமிழ்நாட்டுக்கும் டங் டைன்னு நினைச்சுடாதீங்க, அது வெறும் பழக்கம்.) ஆனா 'அம்மா', 'அப்பா'வுக்கு நாக்கே வேண்டாம் பாஸ், உதடு போதும்! இவன் அதையும் சொல்லலை. குக்கர் விசில் அடிச்சா திரும்பியும் பார்க்கலை.

'அக்கா, காதை டெஸ்ட் பண்ணுங்க முதல்ல'ன்னேன். கோவிச்சுக்கிட்டாங்க. 'காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு'ன்னு ரெண்டு வாரம் எங்க வீட்டுப் பக்கமே வரலை. அப்புறம் அவங்க வீட்டுக்காரர்தான் பையனைத் தூக்கிக்கிட்டு அரசு ஆஸ்பத்திரியில இருக்கிற குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் போனார். ரெண்டு காதும் கேட்கலை. வெட்டிட்டு, 'பேச்சு வரும் வரும்'னு காத்திருந்தா, மூணு வயசு தாண்டி நாலும் போயிருக்கும். மூளை மொழியைப் பிடிச்சுக்கிற வயசு அதுதான்.

இப்போ மெஷின் மாட்டி நாலு மாசம் ஆச்சு. அது போதலைன்னா காக்ளியர் இம்பிளான்ட், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் தெரபி. அவன் நாக்கை இதுவரைக்கும் யாரும் தொடலை. பேச ஆரம்பிக்கட்டும், எந்த எழுத்து இடிக்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்னுட்டார் ஸ்பீச் தெரபிஸ்ட். போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப, எங்க வீட்டுக் குக்கர் விசிலுக்கு வாசல்ல விளையாடிட்டிருந்தவன் விருட்டுனு திரும்பினான்.